மாற்று வேட்பாளர்

டிசம்பர் 3

இட ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்துவிட்டது. எங்கள் மேலச்செங்குளம் ஊராட்சி போன முறை பெண்களுக்கு. இந்த முறை பொது. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கிளார்க் வேல்சாமி வந்து சொன்னார். தட்டை மூடிவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். இன்னும் ஒரு மாதம் நான்தான் தலைவர்.

தம்பி குத்தாலிங்கம் எனக்கு முன்பே அங்கே இருந்தான். வாசலில் இருபது பேர் இருக்கும். நூறு நாள் வேலைக்குப் பெயர் பதிய வந்த பெண்கள், எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

"அஞ்சு வருசமா எங்க அக்காவ ரப்பர் ஸ்டாம்பா வச்சு ஓட்டியாச்சு. இனிமே அந்தக் கஷ்டம் இல்ல. நேரா நானே நிக்கேன்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன், அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் இருந்தது. முகம் கழுவினேன்.

டிசம்பர் 4

பீடி இலை சரியில்லை. பாதி கிழிசல்.

டிசம்பர் 6

யூனியன் அலுவலகத்தில் வருடா வருடம் தலைவர்களுக்கு ஒரு டைரி கொடுப்பார்கள். நான்கு டைரியைத் தம்பி எடுத்துக்கொண்டான். இது ஐந்தாவது. அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கடைசி மாதத்தில் இதில் எழுதுகிறேன்.

ஐந்து வருடத்தில் நான் செய்தது கையெழுத்துப் போட்டது. தலைவர் நாற்காலியில் தம்பி இருப்பான். நான் கதவுப் பக்கம். "யக்கா, இங்கன ஒண்ணு, அடுத்த பக்கம் ஒண்ணு" என்பான். முதல் வருடம் எங்கே கை நீட்டினானோ அங்கே போட்டேன். இரண்டாம் வருடத்திலிருந்து படித்துவிட்டுப் போட்டேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள்தான், ஆனால் பீடி சுற்றும் பெண்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவள் நான். மூன்றாம் வருடம் ஒரு தாளில் கிழக்குத் தெருக் குழாய் இரண்டும் மேலத்தெருவுக்கு மாறியிருந்தது. கிழக்குத் தெருப் பெண்களுக்கு நான் வாக்குக் கொடுத்த குழாய்கள். "என்னல இது?" என்றேன். "ஒனக்குத் தெரியாது, போடு" என்றான். போட்டேன்.

இன்று வேல்சாமியிடம் வேட்புமனுப் படிவம் ஒன்று கேட்டேன்.

"எதுக்குக்கா? அண்ணாச்சிக்குத்தான் வாங்கி வச்சிருக்கேனே. ஓ... மாத்து வேட்பாளரா?"

மனுவில் ஏதாவது குறை என்று தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் வீட்டு ஆள் ஒருவர் பெயரிலும் மனுப் போட்டு வைப்பார்கள். தன் மனு ஏற்கப்பட்டதும் மாற்று ஆள் வாபஸ் வாங்கிவிட வேண்டும். அதைத்தான் கேட்கிறார்.

"ஆமா" என்றேன்.

நான் யோசித்து வைத்திருந்த பொய் இல்லை அது. அவராக எடுத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 9

தம்பி பைக்கிலேயே யூனியன் அலுவலகத்துக்குப் போனேன். முன்மொழிகிறவர்களையும் அவனே ஏற்பாடு செய்திருந்தான். "நல்ல யோசனக்கா. எனக்கே தோணல பாத்தியா" என்றான். வழியில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான். இஞ்சி போடாமல், எனக்குப் பிடித்த மாதிரி.

குடித்தேன். நன்றாக இருந்தது.

டிசம்பர் 12

இரண்டு மனுவும் ஏற்கப்பட்டன. எதிரில் ஜெபமணி வாத்தியார் ஒருவர்தான். ஓய்வு பெற்றவர், சத்தமில்லாத மனிதர். தம்பி ஆட்கள் இன்றே வெடி போட்டார்கள்.

"நாளன்னைக்கு மூணு மணிக்குள்ள வாபஸ் வாங்கணும்க்கா. பதினோரு மணிக்கு ரெடியா இரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

சரி என்றேன். அவன் மனைவி ஆவுடைச்செல்வி எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். எனக்குக் கடைசியில்தான் வந்தது. வழித்த சட்டியிலிருந்து.

டிசம்பர் 14

எட்டரை பஸ்ஸில் சங்கரன்கோவில் போய்விட்டேன். ஒரு கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடிக்கொண்டேன். பை மடியில் இருந்தது, அதற்குள் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், "ஆராவது தேடுதாக போல, எடுங்க" என்றாள். "தம்பிதான், தேடட்டும்" என்றேன். இருபத்தேழு தடவை.

மூன்றேகால் மணிக்குத்தான் எழுந்தேன்.

ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். சட்டை முழுக்க வேர்வை. கண்ணில் விட்ட மருந்தினால் அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான். பார்க்க ஆசைப்பட்ட முகம்.

"யக்கா, எங்க போன? ஆஸ்பத்திரியா? என்னாச்சு ஒனக்கு?"

"ஒண்ணும் ஆகல. கண்ணு காட்டப் போனேன்."

"இன்னைக்கா? மூணு மணி தாண்டிட்டுக்கா! ஒம் பேரு ஓட்டுச் சீட்டுல வந்துரும். அய்யோ, சரி விடு, ஊருக்குள்ள சொல்லிக்கிடலாம், தெரியாம நடந்துட்டுன்னு..."

"தெரிஞ்சுதான் நடந்துச்சு" என்றேன். "நான் நிக்கேன்."

அவனுக்குப் புரிய நேரமானது. பைக்கைத் தள்ளிக்கொண்டே போனான். ஸ்டார்ட் செய்யவில்லை.

எனக்குக் கட்டில் சின்னம். அவனுக்குப் பூட்டு சாவி.

டிசம்பர் 15

அம்மா காலையிலிருந்து என் கையால் எதுவும் வாங்கவில்லை. தம்பி வீடு மூன்று வீடு தள்ளி. அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

"ஏட்டி, கூடப்பொறந்தவனுக்கா குழி வெட்டுத? ஒனக்குச் சோறு போடுதவன்லா அவன்?"

"நான் பீடி சுத்தித்தான் திங்கேன்."

"அந்தப் பயல இடுப்புல தூக்கிச் சுமந்தவ நீ. எனக்கு நெஞ்சுவலி கண்ட வருசம் பள்ளிக்கூடத்த விட்டுட்டு வளத்தியே. இப்ப ஒனக்கு என்ன பேய் புடிச்சிருக்கு?"

அவளே சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டேன். அவன் படித்தான். அவனுக்கு அ, ஆ எழுதக் கை பிடித்தது நான்தான். அந்தக் கைதான் என்னிடம் 'இங்கன போடு' என்று காட்டுகிறது.

டிசம்பர் 18

என்னோடு பிரச்சாரத்துக்கு வந்தது இரண்டு பேர். மைமூன், அவள் நாத்தனார். இருவரும் என்னோடு பீடி சுற்றுகிறவர்கள். கிழக்குத் தெருவில் கதவைத் தட்டினால் ஒருத்தி குடத்தைத் தூக்கி என் முன் வைத்தாள்.

"குழாய் எங்கம்மா? அன்னைக்கு உங்கிட்டதான கேட்டோம்? அன்னைக்கு வாயத் தொறந்தியா?"

"அன்னைக்கு எந்தம்பி..."

"தம்பி, தம்பி. கையெழுத்து யாரு போட்டது?"

மைமூன் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நீ செயிக்கவா நிக்க, அவரத் தோக்கடிக்கவா நிக்க?" என்று கேட்டாள்.

நான் அடுத்த தெருவுக்குத் திரும்பி நடந்தேன். அவளும் கூடவே வந்தாள்.

டிசம்பர் 20

கால் வலி. தைலம் தேய்த்துக்கொண்டு மத்தியானம் படுத்திருந்தேன். பழையது எல்லாம் வந்தது.

இருபத்தெட்டு வயதில் செங்கோட்டையில் வாழ்ந்தேன். ஒன்றரை வருடம். ஒரு நாள் தம்பி வந்து என் வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் வைத்து அடித்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. அவர் சட்டை கிழிந்து, செருப்பில்லாமல் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மறுநாள் என் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நான்கே மாதத்தில் வேறு கல்யாணம்.

என்னை ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்பதை எப்போதும் அவனே முடிவு செய்வான்.

டிசம்பர் 22

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

டீக்கடை முக்கில் நானும் மைமூனும் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம். தம்பி ஆட்கள் நான்கைந்து பேர் அங்கே. அதில் வெள்ளத்தாய் மகன் முருகையா, தம்பிக்காக மைக் கட்டிய ஆட்டோவில் கத்திக்கொண்டு சுற்றுகிறவன். நோட்டீஸை வாங்கிச் சின்னத்தைப் பார்த்தான். "கட்டிலா? சரிதான், இருவது வருசமா காலியாத்தான கெடக்கு. ஆளு வேணும்னா சொல்லச் சொல்லு" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் தம்பி பைக்கில் வந்து நின்றான். பாதி காதில் விழுந்திருக்கும். என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

முருகையாவுக்கு இரண்டு பல் போனது. உதட்டில் நான்கு தையல்.

தம்பி யாரிடமும் காரணம் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். கூட இருந்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள்.

டிசம்பர் 23

வெள்ளத்தாய் வந்தாள். அவள் கொழுந்தன்மார் வீடுகள் எல்லாம் சேர்த்து நாற்பது ஓட்டு இருக்கும். எல்லாம் இதுவரை பூட்டு சாவிக்குத்தான்.

"எம் மவன் ஒண்ணுமே சொல்லல, சும்மா அடிச்சாருங்கான். கூட நின்ன பயலுக தெரியலங்கானுவ. ஒந்தம்பிகிட்ட போயி கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்காரு, வாயே தொறக்கல. நீ அங்கனதான இருந்த உலகம்மா? நீ சொல்லு. எம் மவன் தப்பாப் பேசிருந்தான்னா நானே இழுத்துட்டு வந்து ஒங்க காலுல விழ வைக்கேன். சும்மா அடிச்சிருந்தா மட்டும் எங்க வீட்டு ஓட்டு ஒண்ணு கூட அந்தாளுக்குக் கெடையாது."

அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்ல மாட்டான். அக்காவைப் பற்றி அப்படி ஒருவன் சொன்னான் என்று இன்னொரு காதுக்குப் போக விடமாட்டான்.

வெள்ளத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் நோட்டீஸ் குடுத்துட்டு இருந்தேன். என்ன பேசுனாகன்னு கேக்கல" என்றேன்.

அவள் போன பிறகு, பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த மைமூன் என்னைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்ச் சுற்றினாள்.

டிசம்பர் 24

தம்பி வந்தான். முருகையா பேச்சை எடுக்கவே இல்லை. அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றான். நான் உளுந்து களைந்துகொண்டிருந்தேன்.

"ஏங்க்கா? அத மட்டும் சொல்லு."

"ரப்பர் ஸ்டாம்புன்னு சொன்னேல்லா."

"அது சும்மா சிரிக்கச் சொன்னது. நீயுந்தான சிரிச்ச?"

"அஞ்சு வருசம் என் நாக்காலியில உக்காந்தியே, அதுவும் சிரிக்கவா?"

"மொத மீட்டிங்குல யாரு எஞ் சட்டையப் புடிச்சு இழுத்தது? 'எனக்குக் கை நடுங்குது, நீ பேசுல'ன்னு யாரு சொன்னது?"

"அது ஒரு நாளைக்கு."

"ஒரு நாளைக்குன்னு எப்பச் சொன்ன? 'எந்திரில, நான் உக்காருதேன்'னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொல்லிருக்கியா?"

சொல்லவில்லை. சொல்லாமலே அவன் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் நினைத்தேன். அவன் எழுந்திருக்காத ஒவ்வொரு முறையையும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

"செங்கோட்டையில வந்து அவர அடிச்சியே, ஒன்ன நான் கேட்டனா?" என்றேன்.

அவன் நிலையிலிருந்து நிமிர்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நீ கேக்கல. பொங்கலுக்கு வந்திருந்தப்ப என் முன்னால கைய நீட்டுன. அவரு சூடு போட்ட கைய. ஒரு வார்த்த பேசல. அம்மாட்ட காட்டல, அப்பாட்ட காட்டல. எங்கிட்ட காட்டுன. பத்தொம்பது வயசுப் பய என்ன செய்வான்னு ஒனக்குத் தெரியாதா?"

உளுந்துத் தண்ணீரைக் கொட்டினேன். கூடவே கொஞ்சம் உளுந்தும் போய்விட்டது.

"போ. வேல கெடக்கு" என்றேன்.

இருபதாம் தேதி எழுதியதில் அந்தக் கையைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். எழுதினால் கதை வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆனாலும் வாபஸ் வாங்கும் நாள் போய்விட்டது. போகாமல் இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

டிசம்பர் 27

வாக்குப்பதிவு. பள்ளிக்கூடத்தில் வரிசை. தம்பி பக்கத்து வரிசையில் நின்றான். ஆவுடைச்செல்வி என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். அவன் அவளை அதட்டினான்.

மறைப்புக்குள் போனேன். தாளில் மேலிருந்து கீழே உலகம்மாள், கட்டில்; குத்தாலிங்கம், பூட்டு சாவி; ஜெபமணி, ஆட்டோ. கடைசியில் அச்சிலாவது நான் அவனுக்கு மேலே இருக்கிறேன்.

வெளியே ஒரு பெண் போலீஸ் "சீக்கிரம்மா" என்றாள். முத்திரையை எங்கே குத்தினேன் என்பதை எழுதப் போவதில்லை.

ஜனவரி 2

ஜெபமணி 431. குத்தாலிங்கம் 409. உலகம்மாள் 61.

இருபத்திரண்டு ஓட்டில் தோற்றான்.

எண்ணும் இடத்துக்கு நானும் போயிருந்தேன். வேட்பாளர் அல்லவா, உள்ளே விட்டார்கள். அவன் காகிதத்தில் கூட்டிப் பார்த்தான். மறுபடி கூட்டினான். வெள்ளத்தாய் வீட்டுப் பக்கம் வார்டு எண்ணும்போதே அவன் முகம் மாறியது. இந்த முறை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணில் மருந்தில்லை. நான் ஆசைப்பட்ட முகம் அதுதான். ஒன்றுவிடாமல் பார்த்தேன்.

ஜெபமணி வாத்தியாருக்குக் கை கொடுத்தான். திரும்பினான், எதிரில் நான். "சாப்ட்டியாக்கா?" என்று வாயில் வந்துவிட்டது. கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று ஞாபகம் வந்திருக்கிறது. தலையைத் திருப்பிக்கொண்டு போனான்.

"சாப்ட்டேன்" என்றேன். அவனுக்குக் கேட்டிருக்காது. சாப்பிடவும் இல்லை.

ஜனவரி 3

நல்ல இலை வந்தது. வழக்கத்தைவிட முந்நூறு பீடி அதிகம் சுற்றினேன். மத்தியானம் அசந்து தூங்கினேன். அம்மா மட்டும் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது.

எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷமில்லை என்று யாராவது இதைப் படித்துச் சொன்னால் அது பொய்.

ஜனவரி 5

முருகையாவுக்குத் தையல் பிரித்தாயிற்று. பிரித்துக்கொண்டு வரும் வழியில் தன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். ஓட்டு எண்ணிய நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லையாம்.

வெள்ளத்தாய் நேராக என் வாசலுக்கு வந்தாள். தெருவே கூடியது.

"எம் மவன் பேசுனது தப்பு. அவன் ரெண்டு பல்லப் பறிகுடுத்துட்டான், சரியாப் போச்சு. ஆனா நீ? ஒன்னப் பத்தித்தான பேசுனான்? ஒனக்காகத்தான ஒந்தம்பி அடிச்சான்? ஒங் கையப் புடிச்சுக் கேட்டேன்லா? கேக்கலன்னு சொன்னியே, மனசாட்சி இருக்கா ஒனக்கு? நாப்பது ஓட்ட என் கையால அவருக்கு இல்லாம ஆக்கிட்டியே!"

மைமூனும் கூட்டத்தில் நின்றாள். என் பக்கம் வரவில்லை.

ஜனவரி 6

காலையில் தம்பி வந்தான். உள்ளே வரவில்லை. செருப்பையும் கழற்றவில்லை.

"முருகையா பேசுனது ஒங் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"வெள்ளத்தாய் வந்து கேட்டாளா?"

"கேட்டா."

"நீ மனுப் போட்டது எனக்குக் கோவந்தான். ஆனா அது ஒன் உரிமைன்னு மனசத் தேத்திக்கிட்டேன். என்னைய எதுத்து நின்னு செயிச்சிருந்தாக்கூட, எங்க அக்கான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன்." தெருப் பக்கம் பார்த்தான். "இது வேற."

"ஆமா, வேறதான்" என்றேன். "என்னய சிரிக்க வச்சேல்லா, அதுவும் வேறதான்."

அவன் தலையாட்டினான். கோபமாகக்கூட இல்லை. சாமான் வாங்கிக்கொண்டு மீதியைச் சரிபார்த்த ஆள் மாதிரி ஆட்டினான்.

"சரிம்மா. வாரேன்" என்றான்.

அம்மா என்றான். ஊரில் எந்தப் பெண்ணிடமும் சொல்கிற அம்மா.

ஜனவரி 8

அம்மா தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு சேலை, மாத்திரை டப்பா, தலையணை. ஆவுடைச்செல்வி வந்து தூக்கிக்கொண்டு போனாள். "ஒரு எட்டு வந்து பாத்துக்கிடுதேன்" என்றாள் அம்மா. மூன்று வீடுதான். வெயிலில் அவள் நடந்து போக நேரமெடுத்தது.

ஜனவரி 19

இரும்புச்சட்டியில் ஒருத்திக்கு எவ்வளவு உளுந்தஞ்சோறு வைப்பது என்று கை அளவு பிடிபடவில்லை. இன்றும் மீந்தது.

பிப்ரவரி 2

செல்போனில் குறுஞ்செய்தி. குடும்ப அட்டையிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டதாம். தம்பி, ஆவுடைச்செல்வி, அம்மா, நான் எல்லோரும் ஒரே அட்டையில் இருந்தோம்.

இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண், "நீக்கினதுக்கான சான்று உங்க தம்பியே குடுத்துட்டுப் போயிருக்காங்க. நீங்க வந்தா தாமதிக்காம புது கார்டுக்குப் போட்டுக் குடுக்கச் சொன்னாங்க" என்றாள். எனக்கு வேண்டிய படிவத்தைக்கூடப் பாதி எழுதி வைத்திருந்தான். என் பிறந்த தேதி, அப்பா பெயர், கதவு எண் எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

போட்டேன்.

மார்ச் 11

புது அட்டை வந்துவிட்டது. இன்று ரேஷன் கடையில் முதல் தடவை. வரிசையில் எனக்கு முன்னால் வெள்ளத்தாய், பின்னால் கிழக்குத் தெருப் பெண்கள். விற்பனையாளர் அட்டையை இயந்திரத்தில் காட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"குடும்பத் தலைவர் யாரும்மா?"

"நான்தான்" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக.

"வீட்டுல எத்தன பேரு?"

வெள்ளத்தாய் திரும்பிப் பார்த்தாள். நான் பையை விரித்துப் பிடித்தேன்.

"தலைவர் மட்டுந்தான்" என்றேன்.